அலர்ஜி இருக்கான்னு கேட்டா "இல்ல"ன்னு தான் வரும்

போன இதழ்ல பார்மசி காலேஜ்ல நடக்கற ஆஸ்கி பரீட்சை பத்தி ஒரு பதில்ல போற போக்குல நாலு வரி எழுதியிருந்தேன். நோயாளி மாதிரி நடிக்கறவங்கள உக்கார வச்சு, ஸ்டூடண்ட்ட அவங்ககூட பேச விட்டு, பக்கத்துல ஒருத்தர் மார்க் போடுவாரே அந்தப் பரீட்சை தான், அதுல வர்ற ஒவ்வொரு சின்னக் கட்டத்துக்கும் ஸ்டேஷன்னு பேரு. அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நெனைக்கல, பாதிப்பேர் திட்டியிருக்கீங்க, பாதிப்பேர் நாங்க ஃபெயில்னு அழுதிருக்கீங்க. இந்தத் தடவ முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன். நான் இருபது வருஷமா பார்மசி பிராக்டிஸ் பாடம் எடுக்கறவ, இந்தப் பரீட்சைய நடத்தறவ, அதனால என் பேச்சுல ஒரு பக்கமா சாய்வு இருக்கும், தெரிஞ்சே படிங்க.

கேள்வி: மேடம், நான் பார்மசில பார்ம் டிங்கற படிப்பு, நாலாவது வருஷம். தியரில எப்பவும் 80க்கு மேல. ஆனா ஆஸ்கில கவுன்சலிங் ஸ்டேஷன்ல என்னை ஃபெயில் பண்ணிட்டாங்க. மருந்து எதுக்கு, எப்போ, எப்படி, சைட் எஃபெக்ட் என்ன, எங்க வைக்கணும், எல்லாத்தையும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள சொல்லி முடிச்சேன், ஒண்ணு கூட விடல. பேஷண்ட்டா இருந்த அம்மா கடைசி வரைக்கும் எதுவுமே பேசல, தலைய மட்டும் ஆட்டுனாங்க. இது என்ன நியாயம்?
(மாணவி, நாமக்கல் மாவட்டம்)

பதில்: கண்ணு, நீயே பதிலயும் எழுதிட்ட. "அந்த அம்மா எதுவுமே பேசல." அங்க தான் மார்க் போச்சு.

உன் ஸ்டேஷன் என்னன்னு நீ எழுதல, அதனால நான் எழுதுன ஒரு ஸ்டேஷன சொல்றேன், பழசாயிடுச்சு, இப்ப வெளிய சொன்னா தப்பில்ல. 52 வயசு அம்மா, கைவிரல் மூட்டெல்லாம் வீங்குற முடக்குவாதம், கையில சீட்டு, அதுல மெத்தோட்ரெக்சேட் 7.5 எம்ஜி வாரத்துக்கு ஒரு நாள், ஃபோலிக் ஆசிட் வேற ஒரு நாள். ரெண்டாவது தடவ மருந்து வாங்க வந்திருக்காங்க. கதவுக்கு வெளிய ஸ்டூடண்ட்டுக்கு ஒட்டியிருக்கற பேப்பர்ல இவ்ளோ தான் இருக்கும். ஆனா நடிக்கற அம்மாகிட்ட நாங்க குடுத்த ஸ்கிரிப்ட்ல இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, அவங்க இதை தினமும் ராத்திரி ஒண்ணுன்னு போட்டுட்டு இருக்காங்க, ஏன்னா இதுக்கு முன்னாடி கடையில வாங்குன மூட்டுவலி மாத்திரை தினமும் போடறது தான். ரெண்டு, நாலு நாளா வாயெல்லாம் புண்ணு, காரம் வாய்ல வைக்க முடியல. இந்த ரெண்டையும் "இப்ப எப்படிம்மா சாப்பிட்டுட்டு இருக்கீங்க?"ன்னு கேட்டா தான் சொல்லணும், "புதுசா ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"ன்னு கேட்டா தான் சொல்லணும். கேக்கலேன்னா தலையாட்டிட்டு எந்திரிச்சுப் போயிடணும்.

அந்த வருஷம் எத்தன பேர் நல்லா சுத்தமா "வாரத்துக்கு ஒரு நாள் தான் போடணும், ஃபோலிக் ஆசிட் அன்னிக்கு போடாதீங்க, வாய்ப்புண்ணு வந்தா டாக்டர பாருங்க"ன்னு ஒப்பிச்சிட்டு அனுப்பி வச்சாங்க தெரியுமா. வாய்ப்புண்ணு ஏற்கனவே வந்தவங்கள எதுத்தாப்ல உக்கார வச்சுட்டு, வந்தா பாருங்கன்னு சொல்லிட்டு இருக்காங்க. நிஜ கடையா இருந்தா அந்த அம்மாவ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், மெத்தோட்ரெக்சேட்ட தினமும் போட்டா எலும்பு மஜ்ஜையே அடி வாங்கும், ரத்த அணு எல்லாம் கொறஞ்சு உயிருக்கே ஆபத்தாகற விஷயம். உன்ன மாதிரியே அவங்க சொன்னதுலயும் ஒரு வார்த்தை கூட தப்பில்ல, அந்த அம்மாவுக்கு அதுல ஒரு வார்த்தை கூட உதவல, அவ்ளோ தான்.

அடுத்த தடவ உள்ள போனதும் பேரு வயசு சரி பாத்துட்டு மூணே மூணு கேள்வி கேளு. டாக்டர் இது எதுக்குன்னு சொன்னாரு? எப்படி சாப்பிடச் சொன்னாரு? சாப்பிட்டா என்ன ஆகும்னு சொன்னாரு? இது அமெரிக்காவுல பூர்வகுடி மக்களுக்கான இந்தியன் ஹெல்த் சர்வீஸ்ல உருவான முறை, நம்மூருக்கும் அப்படியே பொருந்தும். பழைய மருந்த திரும்ப வாங்க வந்தவங்கன்னா கேள்வி கொஞ்சம் மாறும், எதுக்கு சாப்பிடறீங்க, எப்படி சாப்பிடறீங்க, ஏதாவது தொந்தரவு இருக்கா. அவங்க சொல்றதுல எங்க ஓட்டை இருக்கோ அத மட்டும் அடைச்சா போதும், அஞ்சு நிமிஷம் தாராளம்.

கேள்வி: என் பையனுக்கு லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டி பார்ம் டி படிக்க வைக்கறேன். லேப்ல மருந்து செய்யச் சொல்லிக் குடுப்பாங்கன்னு பாத்தா, யாரோ நோயாளி மாதிரி நடிக்கறாங்களாம், இவன் போய் பேசணுமாம், அதுக்கு மார்க்காம். நிஜ ஆஸ்பத்திரில நிஜ நோயாளிங்க இல்லையா? எதுக்கு இந்த டிராமா?
(ஒரு தாய், கரூர்)

பதில்: கோவம் நியாயம் தாங்க, எங்க வீட்டுலயே என்னைக் கேட்ட கேள்வி தான் இது.

நிஜ நோயாளிகிட்டயும் பழகுவாங்க. 2008ல கொண்டு வந்த இந்தப் படிப்பு ஆறு வருஷம், அதுல கடைசி வருஷம் முழுசா ஆஸ்பத்திரில இன்டர்ன்ஷிப் தான். ஆனா பரீட்சைன்னு வரும்போது நிஜ நோயாளிய வச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பையனுக்கு வாய் நிறைய பேசற தாத்தா கிடைப்பாரு, அடுத்தவனுக்கு காய்ச்சல்ல முனகிட்டு இருக்கறவர் கிடைப்பாரு, ரெண்டு பேருக்கும் ஒரே மார்க் ஷீட். முப்பது பசங்க வரிசையா வந்து ஒரே கேள்விய கேட்டா நல்லா இருக்கற மனுஷனுக்கே சலிச்சுப் போகும், ஒடம்பு சரியில்லாம படுத்திருக்கறவர என்னன்னு சொல்றது.

இப்படி நடிக்க வைக்கறத மொதல்ல செஞ்சது 1963ல, லாஸ் ஏஞ்சல்ஸ்ல, ஹோவர்ட் பாரோஸ்னு ஒரு நரம்பியல் டாக்டர். ஓவியர்களுக்கு மாடலா உக்கார்ற ஒரு பெண்ணுக்கு நரம்பு நோயோட அறிகுறி எல்லாம் சொல்லிக் குடுத்து நோயாளியா உக்கார வச்சாரு. அவருக்கு இந்த யோசனை வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் வேலை கத்துக்கிட்ட காலத்துல டாக்டர்களோட பரீட்சைக்கு நிஜ நோயாளிங்கள தான் பயன்படுத்துவாங்க, அதுல ஒருத்தர் இவர்கிட்ட வந்து, சோதிச்ச ஒரு டாக்டர் தன்கிட்ட முரட்டுத்தனமா நடந்துக்கிட்டார்னும், அதனால வேணும்னே அறிகுறிகள மாத்திக் காட்டிட்டேன்னும் சொல்லியிருக்காரு. அப்போ நிஜ நோயாளியும் நடிக்கத்தான் செய்யறாருன்னு இவருக்குப் பொறி தட்டியிருக்கு. செஞ்சு காட்டுனப்ப மருத்துவக் கல்லூரிக்குள்ள ஹாலிவுட் வந்துருச்சுன்னு பத்திரிகைங்க கிண்டல் பண்ணுச்சாம், உங்க டிராமா கமெண்ட்டுக்கு அறுபது வருஷ வரலாறு இருக்குங்க.

அப்புறம் 1975ல ஸ்காட்லாந்து டண்டீல ரொனால்ட் ஹார்டன்னு ஒருத்தர், ஒரே நீளமான வாய்மொழிப் பரீட்சைக்குப் பதிலா சின்னச் சின்ன ஸ்டேஷனா பிரிச்சு, பெல் அடிச்சா அடுத்த ரூமுக்கு நகரணும், எல்லாருக்கும் ஒரே கேஸ், ஒரே மார்க் ஷீட்டுன்னு ஒரு முறைய எழுதி வெளியிட்டாரு. அது தான் ஆஸ்கி. டாக்டர், நர்ஸுன்னு பரவி பார்மசிக்கும் வந்துச்சு. உங்க பையன் மாத்திரை செய்யற கம்பெனிக்குப் போனா இது கொஞ்சம் தான் உதவும், ஒத்துக்கறேன். ஆஸ்பத்திரிக்கோ கடைக்கோ போனா தினமும் இது தான்.

கேள்வி: வணக்கம் மேடம். நான் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், வயசு 63, சின்ன வயசுல ஊர்த் திருவிழா நாடகத்துல எல்லாம் வேஷம் கட்டுனவன். பக்கத்துல இருக்கற பார்மசி காலேஜ்ல ஆஸ்துமா நோயாளியா நடிக்கக் கூப்பிடறாங்க. போகலாமா? என்ன செய்யணும், காசு குடுப்பாங்களா?
(ஈரோடு)

பதில்: அண்ணே, தாராளமா போங்க. ஆனா நாடக அனுபவம் இருக்குன்னீங்க பாருங்க, அது தான் எனக்குப் பயம். எங்ககிட்ட ஒருத்தர் வந்தாரு, மூச்சுத் திணறல்னு சொன்னதும் மேஜையப் புடிச்சுக்கிட்டு அப்படியே சரிஞ்சுட்டாரு, பாவம் அந்தப் பொண்ணு தண்ணி எடுக்க ஓடிப்போயிடுச்சு, ஸ்டேஷன் காலி. இங்க கைதட்டு வாங்கற நடிப்பு வேண்டாம். முதல் பையனுக்கு எப்படி பேசுனீங்களோ முப்பதாவது பையனுக்கும் அதே முகம், அதே முதல் வரி, அதே அளவு முனகல், அது தான் வேலை, அதுல தான் கஷ்டமும்.

ஆஸ்துமான்னா பெரும்பாலும் இன்ஹேலர் ஸ்டேஷனா இருக்கும். உங்கள தப்பா அடிக்கச் சொல்லிக் குடுப்பாங்க. குலுக்காம எடுத்து, வாய்ல வச்சு, மொதல்ல அமுக்கிட்டு அப்புறமா மூச்ச இழுக்கறது, மருந்தெல்லாம் தொண்டையிலயே ஒட்டிக்கும், நெஞ்சுக்குப் போகாது. நம்மூர்ல ஏராளமான பேர் அப்படித்தான் அடிக்கறாங்க. "ஒரு தடவ செஞ்சு காட்டுங்க ஐயா"ன்னு ஸ்டூடண்ட் கேட்டா மட்டும் செஞ்சு காட்டணும். "எப்படி அடிக்கணும்னு தெரியுமா?"ன்னு கேட்டா "ஓ தெரியுமே"ன்னுட்டு கம்முனு இருக்கணும். இங்க தான் பெரியவங்க தப்பு பண்ணுவாங்க, பையன் திணறுனா பாவமா இருக்கும், கண்ணால ஜாடை காட்டிடுவாங்க, இல்ல கையில இன்ஹேலர எடுத்து அவன் முன்னாடி ஆட்டுவாங்க. அப்படிச் செஞ்சா அவனுக்கு மார்க், அடுத்தவனுக்கு அநியாயம்.

அப்புறம் கவனிங்க, சரியா சொல்லிக் குடுத்தவன் என்னென்ன சொல்லியிருக்கணும்னு உங்களுக்கும் தெரியணும். நல்லா குலுக்கணும், மூச்ச முழுசா வெளிய விடணும், உதட்ட இறுக்கி மூடணும், மெதுவா இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கணும், பத்து எண்ற வரைக்கும் மூச்ச அடக்கணும், ரெண்டாவது பஃப் வேணும்னா அரை நிமிஷமாச்சும் கழிச்சு. ஸ்டீராய்டு இன்ஹேலரா இருந்தா வாய் கொப்பளிச்சு துப்பணும். முடிஞ்சப்புறம் நோயாளிங்கற மொறையில உங்ககிட்டயும் கருத்து கேப்பாங்க, என்னை மதிச்சுப் பேசுனானா, புரியற மாதிரி சொன்னானான்னு. அத மறைக்காம சொல்லுங்க.

காசு காலேஜுக்குக் காலேஜு மாறும், சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் குடுப்பாங்களான்னு முன்னாடியே பேசிக்கோங்க, நீங்க கண்டக்டர், சில்லறை விஷயத்துல உங்களுக்கு நான் சொல்லவா. ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா கேளுங்க, மருந்து இல்லாத பயிற்சி இன்ஹேலரான்னு. நிஜ இன்ஹேலர குடுத்தா முப்பது பேருக்கு முப்பது பஃப், கை நடுங்கி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். வாய் வைக்கற முனை உங்களுக்குத் தனியா வேணும். நிஜமாவே இருதயம், ஆஸ்துமா ஏதாவது இருந்தா அத முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிடுங்க.

கேள்வி: நான் புதுசா சேர்ந்த லெக்சரர். என் ஸ்டேஷனுக்கு 30 பாயிண்ட் செக்லிஸ்ட் போட்டேன். ஒரு பையன் பேஷண்ட் முகத்தக் கூட பாக்காம மிஷின் மாதிரி பேசி 27 வாங்கிட்டான். நிஜமாவே நல்லா பேசுன ஒரு பொண்ணு 18. எங்க தப்பு? பாஸ் மார்க் 50 சதவீதம்னு வச்சா சரியா?
(சேலம்)

பதில்: அஞ்சு நிமிஷ ஸ்டேஷனுக்கு 30 பாயிண்டா! பத்து செகண்டுக்கு ஒரு டிக், எக்ஸாமினர் தலைய தூக்கவே நேரமில்ல தம்பி, அவரும் பேஷண்ட பாத்திருக்க மாட்டாரு.

1999ல கனடால ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல பழம் தின்னு கொட்டை போட்ட டாக்டர்கள் செக்லிஸ்ட்ல மாணவர்கள விட கம்மியா வாங்குனாங்க, மொத்தமா பாத்து போடற மதிப்பீட்டுல அவங்க தான் மேல. ஏன்னா அனுபவம் உள்ளவங்க தேவையில்லாதத கேக்க மாட்டாங்க, நேரா விஷயத்துக்குப் போவாங்க, செக்லிஸ்ட் அதுக்கு மார்க் குறைக்கும். அந்தப் பொண்ணு அப்படிப்பட்டவளான்னு எனக்குத் தெரியாது, ஆனா உங்க ஷீட்டால அத கண்டுபுடிக்க முடியாதுங்கறது உறுதி. பத்து பன்னெண்டு பாயிண்டா குறைங்க, பக்கத்துல மொத்த மதிப்பீடுன்னு ஒண்ணு வைங்க, தெளிவா ஃபெயில், எல்லைக்கோட்டுல, பாஸ், நல்ல பாஸ், இப்படி. விட்டா ஆளுக்கு ஆபத்துங்கற பாயிண்ட்ட மத்ததோட ஒண்ணா சேக்காதீங்க, பெனிசிலின் ஒத்துக்காதவருக்கு அதே வகை மருந்தான அமாக்சிசிலின் குடுத்து அனுப்புனவன் சிரிச்ச முகத்துக்கு ஒரு மார்க், வணக்கம் சொன்னதுக்கு ஒரு மார்க்குன்னு சேத்து பாஸாகக் கூடாது.

50 சதவீதம் பழக்கத்துல வந்த நம்பர். சுலபமான ஸ்டேஷனுக்கும் கஷ்டமான ஸ்டேஷனுக்கும் அதே கோடு எப்படி சரியாகும். மொத்த மதிப்பீட்டுல "எல்லைக்கோட்டுல"ன்னு விழுந்த பசங்க செக்லிஸ்ட்ல சராசரியா எவ்ளோ வாங்குனாங்கன்னு பாருங்க, அந்த ஸ்டேஷனுக்கு அது தான் பாஸ் மார்க். ஒரு ஸ்டேஷன்ல 11 வரும், இன்னொண்ணுல 7 வரும், வரட்டும்.

ஒரே ஸ்டேஷன வச்சு ஒருத்தன எடை போடவும் முடியாது. இன்சுலின் பேனா ஸ்டேஷன்ல ராஜாவா இருக்கறவன், ரத்தம் கட்டிக்காம இருக்கக் குடுக்கற வார்ஃபரின் ஸ்டேஷன்ல வலி மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேக்காம கோட்டை விடுவான். பத்து பன்னெண்டு ஸ்டேஷனாச்சும் இருந்தா தான் அதிர்ஷ்டத்தோட பங்கு கொறையும். கணக்கு போட்டுக்கோங்க, 30 பேர், 10 ஸ்டேஷன், மாறற நேரத்தோட சேத்து ஆளுக்கு ஸ்டேஷனுக்கு 6 நிமிஷம்னா ஒரு சுத்து ஒரு மணி நேரம், மூணு சுத்து, காலைலயே முடிஞ்சுரும். முடிச்சவங்களயும் முடிக்காதவங்களயும் ஒரே வராண்டாவுல மட்டும் நிக்க விடாதீங்க, எங்ககிட்ட ஒரு தடவ பாத்ரூம் ஜன்னல் வழியா மொத்தக் கேஸும் போயிருக்கு, மூணாவது பேட்ச்ல எல்லாரும் உள்ள வந்து உக்காரும்போதே "வாய்ப்புண்ணு இருக்காம்மா?"ன்னாங்க.

கேள்வி: மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். நோயாளி மாதிரி ஆளுங்கள கடைக்கே அனுப்பி ஆராய்ச்சி பண்றாங்களாமே, இது எங்கள மாட்டி விடற வேலை இல்லையா?
(திண்டுக்கல்)

பதில்: மாட்டி விடறதுக்கு இல்ல, பேரு எல்லாம் வெளிய வராது, எண்ணிக்கை மட்டும் தான். டெல்லி, மும்பை, பாட்னால 622 கடைல செஞ்ச ஆய்வு 2016ல வெளியாச்சு, டிபி பத்தினது. ஒரு ஆள் ரெண்டு மூணு வாரமா இருமல் காய்ச்சல்னு மட்டும் சொல்லி மருந்து கேட்டாரு. இன்னொருத்தர் சளிப் பரிசோதனையில டிபின்னு வந்த ரிப்போர்ட்டோட போனாரு. ஆன்டிபயாட்டிக்கோ ஸ்டீராய்டோ குடுக்காம டாக்டர்கிட்ட அனுப்புறது தான் சரியான பதில். ரிப்போர்ட் இருந்தவருக்கு 62 சதவீதம் சரியா நடந்துச்சு, இல்லாதவருக்கு 13 சதவீதம் தான். வெறும் இருமல்னு வந்தவருக்கு 37 சதவீதம் தடவ ஆன்டிபயாட்டிக் குடுத்திருக்காங்க.

அதே ஆய்வுல உங்களுக்கு சாதகமா ஒண்ணு இருக்கு, யாரும் அத பேசறதில்ல. டிபிக்கான முதல்கட்ட மருந்த ஒரு கடைல கூட தூக்கிக் குடுக்கல, மூணு ஊர்லயும். மருந்துக்கடைக்காரங்க கண்ணை மூடிட்டு எதையும் விக்கறவங்கங்கற பேச்சு முழு உண்மை இல்ல. "எத்தன நாளா இருமல்?"னு கேக்கறதுல தான் ஆட்டம் காணுது, கடைல கூட்டம் நிக்கும்போது அந்த ஒரு கேள்வி விட்டுப் போகும், எனக்கும் தெரியும்.

கேள்வி: என் மனைவி ஊர்ல பத்து வருஷம் பார்மசிஸ்ட்டா இருந்தவங்க. இங்க கனடால லைசென்ஸுக்கு ஆஸ்கி எழுதணும்ங்கறாங்க, பயந்துட்டு இருக்காங்க.
(ஸ்கார்பரோ)

பதில்: எழுதறதுன்னு சொல்லாதீங்க, அங்க பேசணும். பார்மசி எக்ஸாமினிங் போர்ட் ஆஃப் கனடா 2001ல இருந்து இத தகுதித் தேர்வுல சேத்துருக்கு, இப்ப இருக்கற விதிமுறைய அவங்க வெப்சைட்லயே பாத்துக்கோங்க. நோயாளியா மட்டும் இல்லாம டாக்டராவும் ஒருத்தர் நடிப்பாரு, நம்ம ஆளுங்க தடுமாறுறது அங்க தான். ஊர்ல டாக்டர் சீட்டுல தப்பு இருந்தாலும் "சார், கொஞ்சம் பாக்கறீங்களா"ன்னு இழுப்போம், அங்க டோஸ் தப்பு, இத இப்படி மாத்தலாம், காரணம் இதுன்னு நேரா சொல்லணும். வீட்டுல நீங்க டாக்டரா உக்காந்து கொஞ்சம் எரிஞ்சு விழுங்க, அவங்க பழகட்டும்.

கேள்வி: மேடம், நாங்க படிக்கறது எல்லாம் இங்கிலீஷ்ல. பேஷண்ட் தமிழ்ல பேசறாங்க. அலர்ஜி இருக்கான்னு கேட்டேன், இல்லைன்னாங்க, கடைசில பாத்தா ஸ்கிரிப்ட்ல அலர்ஜி இருக்காம். பொய் சொன்னா நான் என்ன பண்றது?
(இறுதியாண்டு மாணவர், மதுரை)

பதில்: பொய் இல்ல தம்பி, அவங்களுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தூசி, தும்மல். அந்த ஸ்கிரிப்ட எழுதறவங்க எங்க மாதிரி ஆளுங்க தான், வேணும்னே அப்படித்தான் எழுதுவோம், ஏன்னா கடைக்கு வர்றவங்களும் அப்படித்தான் சொல்றாங்க. "எந்த மாத்திரையாவது ஊசியாவது ஒத்துக்காம போயிருக்கா, ஒடம்பு தடிச்சுதா, அரிச்சுதா, மூஞ்சி வீங்குச்சா?"ன்னு கேட்டுப் பாரு, "ஆமா சார், போன வருஷம் தொண்டைக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்க, ஒடம்பெல்லாம் பட்டை பட்டையா தடிச்சிருச்சு"ன்னு வரும்.

வேற மருந்து சாப்பிடறீங்களான்னு கேட்டாலும் இல்லைம்பாங்க. கசாயம், லேகியம், பக்கத்து வீட்டக்கா குடுத்த வலி மாத்திரை, இது எதுவும் அவங்க கணக்குல மருந்து இல்ல, ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கேக்கணும். புரிஞ்சுதான்னு கேட்டா புரிஞ்சுதுன்னு தான் வரும், "வீட்டுக்குப் போய் மருமக கேட்டா எப்படிச் சாப்பிடணும்னு சொல்லுவீங்க?"ன்னு கேளு. தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துலன்னு மட்டும் சொல்லி அனுப்பிடாத, காபிய வெறும் வயித்தோட சேத்துக்கறவங்க தான் நம்மூர்ல முக்காவாசி. "தண்ணியில போடுங்க, அப்புறம் அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் காபி கூட வேண்டாம், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் தள்ளி"ன்னு சொல்லு. போன செமஸ்டர்ல ஒரு பையன் அத சொன்னதும், நடிக்க வந்த பாட்டி ஸ்கிரிப்ட மறந்துட்டு "ஐயையோ, நான் காபியோட தானே முழுங்கறேன்"னு நிஜமாவே அவங்க பையிலருந்து மாத்திரை டப்பாவ எடுத்துட்டாங்க, எக்ஸாமினர் பெல்ல அமுக்கிட்டு சிரிக்கறாரு.